ஆகாயத்தைத் தொட்ட கட்டடமும் அதைத் தூக்கிய கைகளும்

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் என்று ஒன்று இருக்கிறது. 102 மாடிகள். தரையிலிருந்து கூரை வரை 1,250 அடி. உச்சியில் நட்டிருக்கும் ஆண்டெனாவையும் சேர்த்தால் 1,454 அடி. 1931-ம் ஆண்டிலிருந்து 1970 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் என்ற பெயர் அதற்கே இருந்தது. இன்று அதைவிட உயர்ந்த கட்டடங்கள் பல நாடுகளில் எழுந்துவிட்டன. ஆனாலும் அதன் புகழ் மங்கவில்லை. 1933-ல் வந்த சினிமாப் படத்தில் கிங் காங் என்ற ராட்சதக் குரங்கு ஏறியது இந்தக் கட்டடத்தின் மேல்தான்.

இதன் 86-வது மாடியில், 1,050 அடி உயரத்தில், ஒரு பார்வை மேடை உண்டு. நான்கு பக்கமும் திறந்த வெளி. அதற்கும் மேலே 102-வது மாடியில் இன்னொரு சிறிய மேடை. உலகத்தின் பல பாகங்களிலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் வந்து ஏறிப் பார்க்கிறார்கள். 1957-ல் பிரிட்டிஷ் ராணி வந்தார். 1959 ஏப்ரலில் பிடல் காஸ்ட்ரோ வந்தார். அதே வருஷம் செப்டம்பரில் சோவியத் பிரதமர் குருஷ்சேவும் வந்தார். இன்று 86-வது மாடிக்கு ஏற ஓர் ஆளுக்கு 40 டாலருக்கு மேல் கட்டணம். 102-வது மாடிக்குப் போக இன்னும் கூடுதல். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் அதிகப் பணம் கொடுத்து முந்திப் போகலாம்.

மேலே நிற்பவர் கண்ணுக்கு நகரம் முழுவதும் தெரியும். ஆறு தெரியும், பாலங்கள் தெரியும், துறைமுகம் தெரியும். கீழே நடக்கும் மனிதர்கள் எறும்புகளாகத் தெரிவார்கள். ஆனால் ஒன்று மட்டும் தெரியாது. தாம் மிதித்து நிற்கும் அந்தக் கட்டடத்தைக் கட்டியது யார், அவர்கள் என்ன ஆனார்கள் என்பது எவ்வளவு உயரத்தில் நின்றாலும் தெரியாது. அந்தக் கதையை உழைக்கும் மக்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணக்காரர்களின் போட்டி

இந்தக் கட்டடம் வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்க எழுந்ததல்ல. பள்ளிக்காகவோ ஆஸ்பத்திரிக்காகவோ எழுந்ததும் அல்ல. யார் கட்டடம் உயரம் என்ற போட்டியில் எழுந்தது. மோட்டார் முதலாளி கிரைஸ்லர் தன் பெயரில் 1,046 அடிக்கு ஒரு கட்டடம் எழுப்பினார். இன்னொரு மோட்டார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் நிதிப் பொறுப்பு வகித்த ராஸ்கோப் அதற்கும் மேலே போக விரும்பினார். ரசாயன, வெடிமருந்துத் தொழிலில் கொழித்த டுபாண்ட் குடும்பத்தின் பியர் டுபாண்டும் அவரோடு பணம் போட்டார். நியூயார்க் மாகாண கவர்னராக இருந்து, 1928 ஜனாதிபதித் தேர்தலில் ஹூவரிடம் தோற்றுப்போன ஆல் ஸ்மித்தைக் கம்பெனிக்குத் தலைவராக வைத்தார்கள்.

முதலாளிகளின் சொந்தப் பணம் மட்டும் போதவில்லை. மெட்ரோபாலிடன் லைஃப் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி 2 கோடியே 75 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் பணம் எங்கிருந்து வந்தது? தொழிலாளர் வீடுகளுக்கு வாரந்தோறும் ஏஜெண்டுகளை அனுப்பி, சில்லறைக் காசாகப் பிரீமியம் வசூலித்து வளர்ந்த கம்பெனி அது. சாவுச் செலவுக்கென்று ஏழைகள் சேர்த்த காசும் அந்தக் கஜானாவில் இருந்தது. அந்தக் கஜானாதான் கோடீசுவரர்களின் உயரப் பந்தயத்துக்குத் திறந்தது.

1929 அக்டோபரில் பங்கு மார்க்கெட் சரிந்தது. அமெரிக்காவைப் பெரும் நெருக்கடி பிடித்தது. ஆலைகள் மூடின. பாங்கிகள் கவிழ்ந்தன. 1930 மார்ச் 6-ந் தேதி நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் பல்லாயிரம் மக்கள் கூடி, “வேலை கொடு” என்று முழங்கினார்கள். போலீஸ் அவர்களைத் தடியால் அடித்துக் கலைத்தது. அதற்குச் சரியாகப் பதினோரு நாள் கழித்து, மார்ச் 17-ந் தேதி, அந்தச் சதுக்கத்துக்கு இருபது தெரு வடக்கே எம்பயர் ஸ்டேட்டின் கட்டுமானம் தொடங்கியது. நகரமெங்கும் வேலையில்லாதவர்கள் நின்ற நேரம் அது. கூலியும் சாமான்களும் மலிந்து கிடந்தன. போட்ட மதிப்பீட்டைவிடக் குறைவாக, நிலத்தையும் சேர்த்துச் சுமார் 4 கோடியே 10 லட்சம் டாலரில் கட்டடம் முடிந்ததென்றால் அதற்கு முக்கியமான காரணம் இதுதான். மக்களின் பட்டினி முதலாளியின் கணக்கில் சிக்கனமாக வரவு வைக்கப்பட்டது.

410 நாள் அதிசயம்

தொடங்கிய நாளிலிருந்து திறப்பு விழா வரை 410 நாட்கள். 102 மாடிகளுக்கு இவ்வளவுதான் காலம். வாரத்துக்கு நாலரை மாடி வீதம் இரும்புச் சட்டம் மேலே ஏறியது. ஏறத்தாழ 57,000 டன் இரும்பு. ஒரு கோடிச் செங்கல். வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 3,400-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் ஏராளம். அமெரிக்க மண்ணின் ஆதிகுடிகளான மோஹாக் மக்களும் இருந்தார்கள்.

வேலை எப்படி நடந்தது? இரும்பு உத்திரங்கள் ஒவ்வொன்றிலும் எந்த மாடி, எந்த இடம் என்று குறி போட்டே ஆலையிலிருந்து வந்தன. நெருக்கடியான தெருவில் அடுக்கி வைக்க இடமில்லை. வந்த உடனே தூக்க வேண்டும், தூக்கிய உடனே பொருத்த வேண்டும். செங்கல்லைத் தெருவில் கொட்டித் தள்ளுவண்டியில் சுமப்பதற்குப் பதிலாக, நிலவறையில் இருந்த பெரிய தொட்டியில் கொட்டினார்கள். அங்கிருந்து மேலே தூக்கி, ஒவ்வொரு மாடியிலும் போட்ட குட்டித் தண்டவாளத்தில் வண்டி வைத்துத் தள்ளினார்கள். சாப்பாட்டு நேரத்தில் இறங்கி ஏறினால் நேரம் வீணாகும் என்று மாடிகளிலேயே சாப்பாட்டுக் கடைகளை வைத்தார்கள். தொழிலாளிக்கு இது வசதிதான். ஒரு நிமிஷமும் நஷ்டமாகாமல் கம்பெனிக்குக் கிடைத்த வசதி அதைவிடப் பெரிது.

உத்திரங்களை இணைத்தது ரிவிட் ஆணி. ஒரு குழுவுக்கு நான்கு பேர். ஒருவர் உலையில் ஆணியைச் செக்கச் செவேலென்று காய்ச்சுவார். இடுக்கியால் எடுத்து வீசுவார். தூரத்தில் உத்திரத்தின் மேல் நிற்கும் இரண்டாமவர் அந்த நெருப்புத் துண்டை ஒரு தகர டப்பாவில் பிடிப்பார். பிடித்ததைத் துளையில் செருகுவார். மூன்றாமவர் ஒரு பக்கம் முட்டுக் கொடுப்பார். நான்காமவர் மறுபக்கம் காற்றழுத்தச் சுத்தியலால் அடித்து இறுக்குவார். ஆணி ஆறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். பிடிப்பவர் தவறவிட்டால் கொதிக்கும் இரும்பு கீழே இருப்பவர் தலையில் விழும். நால்வரில் ஒருவர் கை ஓய்ந்தால் மற்ற மூவரும் நிற்க வேண்டியதுதான்.

ஆலையில் இழை அறுந்தால் ஓடி ஓட்டும் தொழிலாளிக்கு இது புரியும். வரிசை பிசகாமல் நாற்று நடும் பெண்களுக்கும் புரியும். ஒருவர் கைக்கு மற்றவர் கை என்று கூடிச் செய்யும் வேலையின் பலம் இது. இந்த வேகத்தைத் தந்தவர் ராஸ்கோப் என்று எழுதினால் அது பொய். அவர் பணத்தைத் திரட்டினார். மூட்டை மூட்டையாகப் பணத்தைத் தெருவில் கொட்டி வைத்தாலும் ஓர் ஆணி தானாக ஏறாது.

இந்தத் தொழிலாளர்களைப் படமெடுக்க நியமிக்கப்பட்டவர் லூயிஸ் ஹைன். பஞ்சாலைத் தொழிலாளர்கள் இவரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1908-ம் ஆண்டிலிருந்து அமெரிக்காவின் ஆலைகளுக்குள் நுழைந்து, ஸ்பின்னிங் இயந்திரங்களின் முன்னால் நின்ற சின்னஞ்சிறு குழந்தைகளைப் படமெடுத்து நாட்டுக்குக் காட்டியவர் அவர். குழந்தை உழைப்புக்கு எதிரான இயக்கத்துக்கு அந்தப் படங்கள் ஆயுதமாயின. அதே ஹைன்தான் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு எம்பயர் ஸ்டேட்டின் உச்சிக்கு ஏறினார். அவர் படங்களில் தொழிலாளியின் தலையில் துணித் தொப்பி இருக்கிறது. ஒருவர் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தில் தொங்குகிறார். கீழே நகரம். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லை. உழைப்பின் கம்பீரத்தை உலகுக்குக் காட்டிய அந்தக் கலைஞர் 1940-ல் வறுமையில் இறந்தார்.

எத்தனை உயிர்?

இந்தக் கட்டடத்துக்குப் பலியான தொழிலாளர்கள் எத்தனை பேர்? அதிகாரபூர்வக் கணக்கு 5. அந்நாளில் ஒரு தினசரிப் பத்திரிகை 14 என்று எழுதியது. ஓர் இடதுசாரிப் பத்திரிகை 42 வரை போனது. அந்த 42-க்கு ஆதாரம் கிடையாது. நம் பக்கத்தைச் சேர்ந்தவர்கள் எழுதியது என்பதற்காக அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. கணக்கைப் பெருக்கிச் சொன்னால்தான் முதலாளித்துவத்தின் மீது குற்றம் நிலைக்கும் என்பதும் இல்லை. ஐந்து பேர் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை. அந்த ஐந்து உயிரும் எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறவில்லை.

மோஹாக் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுக்கதை உண்டு. அவர்களுக்கு உயரத்தைக் கண்டு பயமே கிடையாதாம், அது அவர்கள் ரத்தத்திலேயே இல்லையாம். இப்படிச் சொல்வது யாருக்கு லாபம்? பயமில்லாதவனுக்குப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவனுக்குத்தான் லாபம். உண்மை வேறு. 1907 ஆகஸ்டு 29-ந் தேதி கனடாவில் கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் இடிந்து விழுந்தது. எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே மோஹாக் கிராமத்து ஆண்கள். அதன் பிறகு அந்தக் கிராமத்துப் பெண்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள்: ஊர் ஆண்கள் அத்தனை பேரும் இனி ஒரே இடத்தில் வேலைக்குப் போகக்கூடாது, பிரிந்து பிரிந்து போங்கள். பயமறியாத மக்களின் பேச்சா இது? பயத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு, பிள்ளைகளின் வயிற்றுக்காக உத்திரத்தின் மேல் நடந்த மக்களின் பேச்சு.

மே முதல் நாளில் திறப்பு விழா

1931 மே மாதம் 1-ந் தேதி கட்டடம் திறக்கப்பட்டது. ஆம், மே தினத்தில்தான்! எட்டு மணி நேர வேலைக்காக 1886-ல் அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய அதே நாள். ரிவிட் அடித்த கைகளா திறந்து வைத்தன? இல்லை. ஆல் ஸ்மித்தின் பேரக்குழந்தைகள் ரிப்பன் வெட்டினார்கள். ஜனாதிபதி ஹூவர் வாஷிங்டனில் உட்கார்ந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன.

விளக்கு எரிந்தது, ஆனால் ஆள் வரவில்லை. முதல் வருஷத்தில் கட்டடத்தில் ஏறத்தாழக் கால்வாசி இடத்துக்குத்தான் வாடகைக்கு ஆள் கிடைத்தது. எம்பயர் ஸ்டேட் என்ற பெயரை ‘எம்ப்டி ஸ்டேட்’, அதாவது காலிக் கட்டடம், என்று மாற்றி நியூயார்க் மக்கள் கேலி செய்தார்கள். சுமார் 1950 வரை அது லாபம் காணவில்லை. உச்சியில் ஆகாயக் கப்பலைக் கட்டிவைத்துப் பயணிகளை இறக்கலாம் என்று 200 அடி உயரத்துக்கு ஒரு தூண் எழுப்பியிருந்தார்கள். 1931 செப்டம்பரில் ஒரு சிறிய ஆகாயக் கப்பல் மூன்று நிமிஷம் அங்கே கட்டி நின்றது. அவ்வளவுதான். காற்றின் வேகத்தில் அந்தத் திட்டமே பறந்துபோயிற்று.

அப்போது முதலாளிகளுக்குக் கை கொடுத்தது எது? பார்வை மேடை! ஒரு டாலர் கட்டணம். அந்த முதல் ஆண்டில் வாடகையாக வந்த அளவுக்குப் பார்வை மேடையிலிருந்தும் பணம் வந்தது. அந்தக் காலத்தில் வேலையிழந்தவர்கள் நியூயார்க் தெருமுனைகளில் ஆப்பிள் பழத்தை 5 சென்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இருபது பழம் விற்றால்தான் ஒருவர் ஒருமுறை மேலே போகலாம். அறைகளை வாங்க ஆளில்லாதபோது ஆகாயத்தை விற்றார்கள். காற்றுக்கும் காட்சிக்கும் வேலி போட்டு, வாசலில் டிக்கெட் கொடுத்தார்கள்.

அதே வருஷக் கடைசியில், அங்கிருந்து சுமார் இரண்டரை மைல் தூரத்தில், சென்ட்ரல் பார்க்கில் தண்ணீர் வடித்துவிட்ட நீர்த்தேக்கத்துப் பள்ளத்தில் வீடிழந்தவர்கள் குடிசை போடத் தொடங்கினார்கள். அத்தகைய குடிசைக் கூட்டங்களுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஹூவர்வில்’, அதாவது ஹூவர்பட்டி. பொத்தானை அழுத்தி 102 மாடிக்கு விளக்கேற்றிய அதே ஹூவர்தான்! ஒரு பக்கம் குடியிருக்க ஆளில்லாத மாடிகள். மறுபக்கம் குடியிருக்க இடமில்லாத மனிதர்கள். 1933-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. கட்டடம் இருந்தது. கட்டியவனுக்கு அதில் இடமில்லை. முதலாளித்துவம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

மேலே ஏற்றுவது யார்?

1945 ஜூலை 28-ந் தேதி, மூடுபனியில் வழி தவறிய ஒரு ராணுவ விமானம் 79-வது மாடி அருகே மோதியது. விமானத்தில் மூவரும் கட்டடத்தில் பதினொருவருமாக 14 பேர் மாண்டார்கள். அன்று சனிக்கிழமை. கட்டடத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கும் மேஜை முன்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த ஆபீஸ் ஊழியர்கள். லிஃப்ட் இயக்கிய ஓர் இளம் பெண் காயமடைந்தார். அவரை இன்னொரு லிஃப்டில் கீழே அனுப்பியபோது வடம் அறுந்து 75 மாடி ஆழத்துக்கு விழுந்து, உயிர் பிழைத்தார். திங்கட்கிழமையே கட்டடம் மறுபடி வியாபாரத்துக்குத் திறந்துவிட்டது.

இரண்டே மாதத்தில், செப்டம்பர் 24-ந் தேதி, நியூயார்க்கின் வணிகக் கட்டடங்களில் லிஃப்ட் இயக்குவோரும் வாயில் காப்போரும் மற்ற ஊழியர்களும் சுமார் 15,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தையல் தொழிலாளர்கள் அவர்களுடைய மறியல் வரிசையைத் தாண்ட மறுத்தார்கள். நகரத்தின் வியாபாரம் ஸ்தம்பித்தது. இருபதாவது மாடியில் அறை வைத்திருந்த பெரிய மனிதருக்கு அன்றுதான் ஓர் உண்மை உறைத்தது. மாடியின் பத்திரம் தன் பெட்டியில் இருக்கலாம். ஆனால் அந்த மாடிக்குத் தன்னை ஏற்றிச் செல்வது, மாதச் சம்பளத்துக்கு லிஃப்ட் கதவருகே நிற்கும் ஊழியர்தான்.

இன்று அந்தக் கட்டடத்தை வைத்திருப்பது பங்கு மார்க்கெட்டில் பங்குகள் விற்கும் ஒரு கம்பெனி. 2019-ம் ஆண்டில் பார்வை மேடையிலிருந்து மட்டும் அதற்கு வந்த வருமானம் 12 கோடி டாலருக்கு மேல். 1930-ல் வீசிய ஆணியையும் பிடித்த டப்பாவையும் வைத்து இன்றும் வசூல் நடக்கிறது. கட்டடத்தின் முன்கூடத்தில் சிறந்த கைத்திறனுக்காகத் தொழிலாளர்களின் பெயர் பொறித்த பலகை ஒன்று இருக்கிறது. அதில் உள்ள பெயர்கள் 32. ஒரே நாளில் வேலை செய்தவர்கள் 3,400-க்கு மேல்.

பந்தயம் ஊர் மாறியது

உயரப் பந்தயம் நியூயார்க்கோடு நிற்கவில்லை. இன்று உலகத்திலேயே உயர்ந்த கட்டடம் துபாயில் இருக்கிறது. புர்ஜ் கலீபா. 828 மீட்டர். 2010 ஜனவரி 4-ந் தேதி திறந்தார்கள். கட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து கடன் பட்டுக் கடல் கடந்து போனவர்கள். வளைகுடாவுக்கு ஆளை அனுப்பிய வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2006 மார்ச்சில் அந்த இடத்தில் சுமார் 2,500 தொழிலாளர்கள் கொந்தளித்து எழுந்தார்கள். மறுநாள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். சாதாரணத் தொழிலாளிக்கு அன்று நாள் கூலி 4 டாலர் அளவில் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. சங்கம் வைக்க அங்கே உரிமை இல்லை. கட்டடம் திறந்தபோது 124-வது மாடிப் பார்வை மேடைக்கு முன்பதிவுக் கட்டணம் 100 திர்ஹம், அதாவது சுமார் 27 டாலர். தான் கட்டிய மேடையைத் தானே பார்க்க, அந்தக் கூலிக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம்!

உயரத்தை வெறுப்பவர்கள் அல்ல நாம். மனிதக் கை ஆகாயம் வரை எட்டுவது பெருமைக்குரியது. அந்தப் பெருமை யாருடையது என்பதே கேள்வி. 410 நாளில் 102 மாடி எழுப்பும் சக்தி உழைக்கும் மக்களிடம் இருக்கிறது என்று எம்பயர் ஸ்டேட் காட்டியது. அந்தச் சக்தியை யாருக்கு எது தேவை என்று கேட்டுப் பயன்படுத்தினால் ஒரு நகரத்தில் குடிசை இருக்குமா? பந்தயத்துக்கும் லாபத்துக்கும் பயன்படுத்தினால் காலி மாடிகளும் ஹூவர்பட்டியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும்.

தோழர்களே! உயர்ந்த கட்டடம் எதைக் கண்டாலும், அது எந்த ஊரில் இருந்தாலும், அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இதைக் கட்டியவர்கள் எத்தனை பேர்? கட்டும்போது செத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? வேலை முடிந்த மறுநாள் மற்றவர்கள் எங்கே போனார்கள்? பதில் வரும் வரை கேளுங்கள். தனி ஆளாகக் கேட்டால் வாசற்காவலனோடு பேச்சு முடிந்துவிடும். சங்கமாகக் கேட்டால் 102-வது மாடிக்கும் காது கேட்கும்!